அப்பாவைக் கழித்த கதை

ஓசியில் யானை கிடைத்தால் வாங்கி வாசலில் கட்டிக்கொள்ளலாம். அங்குசத்தை நாம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

என் மச்சினனுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்துப் போனபோது, "மாமா, இதை நீங்க வெச்சுக்குங்க" என்று இரண்டு கறுப்புப் பெட்டிகளை எங்கள் ஹாலில் இறக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டான். ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ. 'ஸ்டுடியோ மானிட்டர்' என்று பெயர். மானிட்டர் என்றால் என்றைக்காவது படம் தெரியும் என்று என் மனைவி இரண்டு நாள் அவற்றின் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒன்றின் மேல் பூச்சாடியும் இன்னொன்றின் மேல் பீரோ சாவியும் ஏறின.

மானிட்டர் என்ற பெயர் பொருத்தமானதுதான். பள்ளிக்கூடத்தில் கிளாஸ் மானிட்டர் என்று ஒருத்தன் இருப்பானே, யார் பேசினார்கள், யார் எழுந்து நின்றார்கள் என்று போர்டில் எழுதிப் போட்டுக் கொடுப்பவன்... அந்த வேலைதான் இதற்கும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர்கள் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி. கொஞ்சம் பேஸைத் தூக்கி, கொஞ்சம் ட்ரெபிளைத் தூக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் பேசும். ஸ்டுடியோ மானிட்டர் ஆடிட்டர் ரகம். கணக்கில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். நமக்குப் பிடிக்கிறதா என்று கேட்காது.

யமஹாவின் என்.எஸ்.10 என்று ஒரு ஸ்பீக்கர் 1978-ல் வந்தது. வீட்டு உபயோகத்துக்கென்றுதான் செய்தார்கள். வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் வெள்ளைக் கூம்போடு போய் உட்கார்ந்து ஏகப்பட்ட வருஷம் ராஜ்ஜியம் நடத்திற்று. காதைக் குத்துகிறது என்று இன்ஜினீயர்கள் ட்வீட்டரின் மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தார்களே தவிர, அதை விடவில்லை. இதில் தேறினால் எதிலும் தேறும் என்ற நம்பிக்கை. கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் நிறுத்திவிட்டார்கள்.

மச்சினன் கொடுத்தது என்.எஸ்.10 இல்லை, அதன் கொள்ளுப்பேரன் மாதிரி ஒன்று. பூச்சாடி சுகமாகத்தான் இருந்தது. சித்தப்பா ஒரு பார்சல் அனுப்பும் வரை.

* * *

சித்தப்பா மஸ்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு மன்னார்குடிக்கே திரும்பி வந்துவிட்டவர். போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு கேஸட் கிடைத்திருக்கிறது. அறுபது நிமிஷ கேஸட். மேலே அப்பாவின் கையெழுத்தில், 'தம்பிக்கு. 14.9.97. ஒரு பக்கம் மட்டும்.'

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போன் பேசுவதென்றால் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். கடிதத்துக்குப் பதிலாகக் கேஸட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். அப்படி அப்பா பேசிய கேஸட்.

அப்பா 2004-ல் இறந்துபோனார். எனக்குப் பதினாலு வயசு. எங்கள் வீட்டுக்கு செல்போன் வருவதற்கு முன்னால். அவருடைய போட்டோ பன்னிரண்டு இருக்கிறது. குரல் ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால், அப்பாவின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. முகம் ஞாபகமிருக்கிறது, திட்டினது ஞாபகமிருக்கிறது. திட்டின குரல் என்ன குரல் என்று கேட்டால் தெரியாது. இதை அம்மாவிடம் சொன்னதில்லை.

எங்கள் பேட்டையில் இன்னமும் கேஸட்டைப் பென்-டிரைவில் ஏற்றித் தரும் ஒரு பெரியவர் இருக்கிறார். ஏற்றித் தந்துவிட்டு, "மோனோ செட்டுல பதிஞ்சது தம்பி. லெஃப்ட்லயும் ரைட்லயும் ஒண்ணேதான் வரும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் எனக்கு 680 ரூபாய் மிச்சம்.

லேப்டாப்பில் போட்டேன். கொசு பேசுகிற மாதிரி ஒரு குரல், "தம்பி, சௌக்கியமா?" என்றது. உடனே நிறுத்திவிட்டேன். தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை என்பது ஒரு காரணம். கொசுவாகக் கேட்க வேண்டாம் என்பது இன்னொரு காரணம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திதி. சித்தப்பா குடும்பம் வருகிறது. அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டினால் தலை சுற்றும். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். பூச்சாடியைப் பார்த்தேன். அன்றைக்குப் புதன்கிழமை.

* * *

ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மூன்று விதமான ஓட்டை. மூன்று முள் நுழைகிற வட்டமான ஓட்டை ஒன்று. மேடை மைக்குக்குப் போடுகிற பெரிய பின்னுக்கான ஓட்டை ஒன்று. பழைய டி.வி.டி. பிளேயரில் சிவப்பும் வெள்ளையுமாக இருக்குமே, அந்த ஆர்.சி.ஏ. ஓட்டை ஒன்று. லேப்டாப் பக்கம் ஒரே ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு. (இப்போது வரும் சில லேப்டாப்புகளில் அதுவும் இல்லை. என்னுடையது பழசு என்பதில் முதல் முறையாகப் பெருமைப்பட்டேன்.)

"ப்ளூடூத்ல போட்டா ஒயரே வேண்டாமே?" என்றாள் மனைவி.

இந்தப் பெட்டிகளில் ப்ளூடூத் கிடையாது. தனியாக ஒரு ரிசீவர் வாங்கி மாட்டலாம். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் பிரிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சினிமா பார்த்தால் உதடு முன்னால் போகும், வசனம் பின்னால் வரும். பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு ஆகவே ஆகாது. எங்கள் அப்பா ஏற்கெனவே கால் நூற்றாண்டு தாமதமாக வருகிறார், இன்னும் கால் வினாடியில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் காசு கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி, அப்பாவைச் சுருக்கி மூட்டை கட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒயர்தான் என்று முடிவு செய்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் தெரியாதவர்களுக்கு: மவுண்ட் ரோடில் கேசினோ தியேட்டர் பக்கம் நுழைந்தால் நடக்க இடமில்லாத ஒரு தெரு. அங்கே கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். அங்கே யாரும் 'மூன்றரை மில்லிமீட்டர்' என்று பேச மாட்டார்கள். ஹெட்போன் பின்னுக்கு 'ஈ.பி.' என்று பெயர். பெரிய மைக் பின் 'பி-38'. மூன்று முள் வட்டம் 'கேனன்'. நான் பெயர் தெரியாமல் விரலால் சைகை காட்டி நின்றேன்.

"ஈ.பி. டு பி-38 வேணுமா? மோனோவா, ஸ்டீரியோவா ஸார்?"

"எது நல்லது?"

இந்தக் கேள்வியை எந்தக் கடையிலும் கேட்கக் கூடாது.

"ஸ்டீரியோதான் ஸார் நல்லது. மோனோ எல்லாம் பழசு. பாருங்க, இதுல ரெண்டு கறுப்பு வளையம். மோனோல ஒண்ணுதான்."

இரண்டு வளையம் ஒரு வளையத்தை விட உசத்தி என்பது பி.காம். படித்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் ஸ்டீரியோ ஒயர் இரண்டு, தலைக்கு 280. லேப்டாப்பில் ஓட்டை ஒன்று என்பதால் ஒன்றை இரண்டாக்க ஒரு ஸ்ப்ளிட்டர், 120. மொத்தம் 680. பில் வாங்கிக்கொண்டு ராஜநடை போட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் பூச்சாடியை இறக்கி, இரண்டு பெட்டிகளையும் டேபிளில் முக்கோணக் கணக்கில் வைத்து (ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நம் தலை இருக்க வேண்டும், ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும்), பின்னை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

மழை பெய்கிற மாதிரி டேப்பின் இரைச்சல் வந்தது. நடுவில் எங்கேயோ ரொம்ப தூரத்தில் 'ஸ்' 'ச்' என்று யாரோ உதடு பிரிக்கிற சத்தம். அவ்வளவுதான். குரல் இல்லை. வால்யூமைத் திருகினேன். மழை பலத்தது. அப்பா வரவில்லை.

"என்னடா, அப்பா பேசலியா?" என்றாள் அம்மா.

"ஒயர் சரியில்லம்மா" என்றேன். ஒயரைப் பிடுங்கினேன். லேப்டாப்பின் கொசு, "இங்கே மழை நல்லா பெய்யுது தம்பி" என்றது. மாட்டினேன், போய்விட்டார். பிடுங்கினேன், வந்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எழுந்து உள்ளே போனாள். எழுந்து போன விதம் எனக்கு நன்றாக இல்லை.

* * *

ராத்திரி பத்தரைக்கு டொராண்டோவுக்குப் போன் போட்டேன். அங்கே பகல். கதை முழுக்கக் கேட்டுவிட்டு மச்சினன் சிரித்தான். "மாமா, நீங்க பி.காம்.தானே?"

"ஏன்?"

"லெஃப்ட்லேர்ந்து ரைட்டைக் கழிச்சுட்டீங்க."

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஸ்டுடியோக்காரர்கள் உபயோகிக்கும் ஒயருக்கு 'பேலன்ஸ்டு' என்று பெயர். சாட்சாத் நம்முடைய இரட்டைப் பதிவுக் கணக்கேதான். ஒரே சத்தத்தை இரண்டு கம்பியில் அனுப்புவார்கள். ஒன்றில் வரவு, இன்னொன்றில் பற்று. அதாவது, முதல் கம்பியில் 100 என்றால் இரண்டாவதில் மைனஸ் 100. மூன்றாவது, எர்த். வழியில் கரண்ட் ஒயர், சார்ஜர், ட்யூப் லைட் எல்லாம் சேர்ந்து ஒரு 5 இரைச்சலைத் திணிக்கின்றன என்று வையுங்கள். இரண்டு கம்பியும் பக்கத்துப் பக்கத்திலேயே போவதால் இரண்டிலும் அதே 5. முதல் கம்பி 105, இரண்டாவது மைனஸ் 95. ஸ்பீக்கர் என்ன செய்கிறது? முதலிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது. 105 கழித்தல் மைனஸ் 95, ஆக 200. சத்தம் இரட்டிப்பாகிவிட்டது. இரைச்சல்? 5 கழித்தல் 5, பூஜ்யம். ட்ரையல் பேலன்ஸ் டேலியாகிவிட்டது!

நிற்க. அந்த பேலன்ஸ்டு ஒயருக்கும் இரண்டு கறுப்பு வளையம் உள்ள பி-38 பின்தான். ஹெட்போனுக்கான ஸ்டீரியோவுக்கும் அதே மாதிரி இரண்டு வளையம்தான். பார்வைக்கு இரட்டைப் பிறவி. ஆனால் ஸ்டீரியோவில் முதல் கம்பியில் வருவது லெஃப்ட், இரண்டாவதில் ரைட். ஸ்பீக்கருக்கு அது தெரியாது. பழக்க தோஷத்தில் முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிடும். சினிமாப் பாட்டென்றால் நடுவில் நிற்கிற பாடகரின் குரல் போய்விடும், ஓரத்தில் நிற்கிற வயலின்கள் மிஞ்சும். எங்கள் அப்பா மோனோ. லெஃப்டில் 100, ரைட்டில் 100. கழித்தால் பூஜ்யம். டேப்பின் இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அது மிஞ்சியது. 680 ரூபாய் செலவு செய்து அப்பாவை மட்டும் சுத்தமாக நீக்கி, இரைச்சலைப் பத்திரமாக எடுத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"இப்ப என்ன வாங்கணும்?"

"ஈ.பி. ஸ்டீரியோ ஒண்ணு, அதுலேர்ந்து பி-38 மோனோ ரெண்டா பிரியற ஒயர். ஒய் ஒயர்னு கேளுங்க. லெஃப்ட் ஒரு பெட்டிக்கு, ரைட் ஒரு பெட்டிக்கு. மூணு மீட்டருக்கு மேல நீளமா வாங்காதீங்க. பெட்டிக்குப் பின்னாடி ப்ளஸ் 4, மைனஸ் 10-னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். எதுல இருக்கு?"

"ப்ளஸ்ல." ப்ளஸ்தானே நல்லது?

"மைனஸ்ல போடுங்க."

ஸ்டுடியோ சாமான்கள் சுமார் 1.23 வோல்ட்டில் பேசிக்கொள்ளும். வீட்டுச் சாமான்கள் 0.316 வோல்ட்டில். கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். ஸ்பீக்கரிடம், 'எதிராளி மெதுவாகப் பேசுகிறவர், காதைத் தீட்டிக்கொள்' என்று சொல்லி வைப்பதுதான் அந்த ஸ்விட்ச்.

* * *

வியாழக்கிழமை ஒய் ஒயர் வாங்கினேன். 350 ரூபாய். கடைக்காரர் பழசென்று ஒதுக்கிய மோனோ. மாட்டினேன். அப்பா வந்துவிட்டார்.

கொசு இல்லை. ஆள். ஹாலில் நடுவில், இரண்டு பெட்டிக்கும் இடையில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசினார். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தால் குரல் நடுவில் நிற்பதாகக் காது நம்பும், அவ்வளவுதான் விஷயம். தெரிந்தும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குரல்தான். மறக்கவில்லை. எங்கேயோ கைமறதியாக வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆனால் கூடவே "ங்ங்ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரம். கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி, ஓயாமல். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் அது கேட்கவில்லை. அந்த அடிமட்டத்துச் சத்தம் அதற்குத் தொண்டையிலேயே வராது. இந்த ஐந்து இஞ்ச் பெட்டி 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்குவதால் போட்டுக் கொடுத்துவிட்டது.

மாடிப் போர்ஷனுக்கு வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எர்த் லூப்பு ஸார். ஸ்பீக்கர் பிளக்ல அந்த மூணாவது பின்னைப் புடுங்கி விட்டுடுங்க. நின்னுடும்" என்றார்.

நோயைச் சரியாகச் சொன்னார். வைத்தியம் கொலைகாரத்தனம். லேப்டாப் சார்ஜருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த், நடுவில் நம் ஒயர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. அந்த வட்டத்தில் சின்னதாகக் கரண்ட் ஓடி, நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கிறது. எர்த்தைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிடும் என்பது வாஸ்தவம். என்றைக்காவது உள்ளே ஏதாவது கழன்று பெட்டியில் கரண்ட் பாய்ந்தால், தொட்டவர் மூச்சும் நின்றுவிடும். தயவுசெய்து யார் சொன்னாலும் எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள். எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பாதி வீடுகளில் சரியாகிவிடும். எனக்குப் பாதிதான் சரியாயிற்று.

சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். ரீங்காரம் பெரிதும் குறைந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை. மச்சினன் ஒரு பரீட்சை சொன்னான். "ஃபைலை நிறுத்துங்க மாமா. நிறுத்தினப்புறமும் சத்தம் வந்தா ஒயர்ல இருக்கு. நிறுத்தினதும் நின்னா டேப்லயே இருக்கு." நிறுத்தினேன். கப்சிப். ஆக இரண்டு ரீங்காரம். ஒன்று என் வீட்டுச் சார்ஜருடையது. இன்னொன்று 1997-ஆம் வருஷத்தது.

"டேப்புல இருக்கறதை ஸாஃப்ட்வேர்ல எடுத்துடலாம். அப்பா பேசாத இடமா ரெண்டு செகண்ட் காட்டினா போதும், அந்த மாதிரி சத்தத்தை ஃபுல்லா துடைச்சுடும்" என்றான். சரி, அதையும் செய்துவிடுவோம்.

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். சார்ஜர் இல்லாமல் என் லேப்டாப் இருபது நிமிஷம் உயிரோடு இருக்கும். அப்பா முப்பது நிமிஷம் பேசுகிறார். அன்றைக்கும் சோதித்துக்கொண்டே கேட்டதில், "தம்பி, இன்னொரு விஷயம், நம்ம தெற்கு வயல்..." என்று அவர் ஆரம்பித்தபோது ஸ்க்ரீன் இருண்டுவிட்டது. திதியன்று நடுவில் அப்பா இரண்டாம் முறை போவதை அம்மா பார்க்க வேண்டாம்.

வழி இரண்டு. ஒன்று, ஒயருக்கு நடுவே ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பா. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், எர்த் முடிச்சை அவிழ்த்துவிடும். மலிவான டப்பாவில் அடிமட்டத்து பேஸும் கொஞ்சம் கரைந்து போகும். இன்னொன்று, ஆடியோ இன்டர்ஃபேஸ். லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில் மாட்டுகிற பெட்டி. எண்களாக வாங்கி, லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையைத் தொடாமல், பேலன்ஸ்டு கணக்கில் வெளியே அனுப்பும். முன்னால் ஒரு வால்யூம் திருகி, மைக் மாட்ட ஓட்டை. ஏழாயிரத்துச் சொச்சம். அதற்கு இரண்டு பேலன்ஸ்டு ஒயர், 900.

பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு 350 ரூபாய் ஒய் ஒயரே போதும் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். ரீங்காரம் இல்லாத வீடானால் அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். என் வீட்டில் ரீங்காரம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. வீட்டு ஆடிட்டரிடம் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தேன்.

"சும்மா வந்த ஸ்பீக்கருக்கு ஒன்பதாயிரமா?" என்றாள்.

"சும்மா கொடுத்தது யார் தம்பி?"

அந்தக் கட்சியில் பேச்சு நின்றது. கொஞ்சம் கழித்து அவளே, "மைக் மாட்டலாம்னீங்களே... அத்தை பேசறதையும் பதிஞ்சு வெச்சுடலாம் இல்ல?" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிவிட்டேன்.

* * *

சனிக்கிழமை ராத்திரி ஒத்திகை. முதலில் லேப்டாப், அப்புறம் இன்டர்ஃபேஸ், கடைசியில்தான் ஸ்பீக்கர் ஸ்விட்ச். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் 'டம்' என்று ஒரு உதை விழும், பெட்டிக்கும் நல்லதில்லை, அம்மாவுக்கும் நல்லதில்லை. சார்ஜர் மாட்டியிருந்தது. காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். ரீங்காரம் இல்லை. கணக்கு டேலி.

ஸாஃப்ட்வேரில் துடைத்து வைத்த ஃபைலைத்தான் முதலில் போட்டேன். பின்னால் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அம்மா அரை நிமிஷம் கேட்டாள்.

"யாருடா இது?"

"அப்பாம்மா!"

"குடத்துக்குள்ள தலையை விட்டுண்டு பேசற மாதிரி இருக்கு. அப்பா இப்படியா பேசுவார்?"

நானும் அப்போதுதான் சரியாகக் கேட்டேன். இரைச்சலைத் துடைத்த துணியில் குரலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தது. துடைக்காத ஃபைலைப் போட்டேன். ரீங்காரத்தோடு அப்பா வந்தார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துவரம் பருப்பு விலை, சொசைட்டி எலெக்ஷன், எனக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு புகார். (வாத்தியார் தப்பு என்று அவரே சேர்த்துக்கொண்டார். அது எனக்குத் தெரியாது.)

"அந்த ங்ங்-னு ஒரு சத்தம் வருதே, அது டேப்புலயே இருக்கும்மா. எடுத்தா குரல் கெடுது" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னேன்.

"அதை ஏண்டா எடுக்கணும்? அது கிரைண்டர்" என்றாள் அம்மா.

"எது?"

"ஞாயித்துக்கிழமைன்னா காலம்பற மாவு ஆட்டுவேன். இவர் கூடத்துல உக்காந்து உங்க சித்தப்பாவுக்குப் பேசிண்டிருந்தார். அதான்."

தெற்கு வயல் வந்தது. நான் இதுவரை கேட்காத பகுதி. வரப்புத் தகராறைப் பற்றி ஆரம்பித்த அப்பா திடீரென்று மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, "கொஞ்சம் நிறுத்தேன்! தம்பியோட பேசிட்டிருக்கேன்ல?" என்று உள்பக்கம் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அந்த மானிட்டர் பெட்டி எதையும் மறைக்கவில்லை. மைக்கை விட்டு அவர் தலை திரும்பியதுகூடத் தெரிந்தது.

ரீங்காரம் நின்றது.

இரண்டு நிமிஷம் போல வயல், வரப்பு, பக்கத்து நிலத்துக்காரர். அப்புறம் மறுபடி "ங்ங்ங்" என்று மெதுவாகத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம்தான் நிறுத்தறது? அன்னிக்கு மாவு சரியாவே வரலை" என்றாள் அம்மா, ஸ்பீக்கரைப் பார்த்து.